இன்ஜின் கிட், ஹப் மோட்டார், பழைய எக்ஸெல்: கிழக்குப் பாலக்காட்டு ரோட்டுக்கு எது ஒத்துவரும்?

கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கம் தோப்பு வேலைக்கும் பால் சொசைட்டிக்கும் சைக்கிள் மிதித்துப் போகிறவர்கள் இன்னமும் உண்டு. அவர்களில் பலருக்கு இப்போது ஒரே யோசனைதான்: இருக்கிற சைக்கிளிலேயே ஒரு இன்ஜினை மாட்டிவிட்டால் என்ன? போனில் தேடினால் ‘80 சிசி சைக்கிள் இன்ஜின் கிட்’ வந்து நிற்கிறது. விலை சுமார் பன்னிரண்டாயிரத்திலிருந்து பதினெட்டாயிரம் வரை. வீடியோவில் பார்த்தால் ஒரே சாயங்காலத்தில் மாட்டி முடித்து ரோட்டில் பறக்கிறார்கள். பட்டறை வேலை கொஞ்சம் தெரிந்தவன் என்பதால் வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் பொது ரோட்டில் ஓட்டுவதற்குப் பெட்ரோல் கிட் வேண்டாம். ஆள் மட்டும் போய்வர, ஒரு வழி 12 கிலோமீட்டருக்குள் என்றால், சக்கரத்தின் நடுக் குடத்திலேயே (ஹப்) உட்காருகிற 250 வாட் மின்மோட்டார் போதும். பால் கேன், தேங்காய் மூட்டை, பின்னால் ஒரு ஆள் என்றால் பழைய டிவிஎஸ் எக்ஸெல்தான் சரி. பெட்ரோல் கிட்டுக்கும் ஒரு இடம் உண்டு. அது சொந்தத் தோப்புக்குள், இன்ஜின் வேலை கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற பையன்களுக்கு.

காரணங்களைப் பார்ப்போம். பெட்ரோல் கிட்டிலிருந்து தொடங்குகிறேன், ஆசை அதில்தான் எல்லோருக்கும் அதிகம்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், கார்புரேட்டர், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் சிடிஐ பெட்டி, சைலன்சர், சின்னதாக ஒரு டேங்க், கிளட்ச் லீவர், ஆக்சிலேட்டர் பிடி, தடித்த 415 செயின், பின்சக்கரத்தில் பூட்ட 44 பல் சக்கரம் இருக்கும். 80 சிசி என்று விற்பது உண்மையில் 80 இல்லை. சிலிண்டரின் உள்விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 38 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 66 சிசி வரும். ஏமாந்துவிட்டோமே என்று வருத்தப்பட வேண்டியதில்லை, சைக்கிளுக்கு அதுவே தாராளம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: இதற்கு கியர் கிடையாது.

இன்ஜினுக்குள் ஏறக்குறைய 4.1 மடங்கு வேகக் குறைப்பு. வெளியே, இன்ஜினில் உள்ள 10 பல்லிலிருந்து பின்சக்கரத்தின் 44 பல்லுக்கு 4.4 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 18. அதாவது பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் 18 சுற்றுச் சுற்ற வேண்டும். 26 இஞ்ச் சக்கரத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் போனால் இன்ஜின் நிமிடத்துக்கு 3,600 சுற்று. அது அதற்கு வசதியான இடம். 40 போனால் 5,800. அங்கே ஹேண்டில்பாரில் கை மரத்துப் போகும், நட்டுகள் தானாகக் கழலத் தொடங்கும். சந்தை நாளில் கொழிஞ்சாம்பாறைக்குள் 10, 12 என்று ஊர்ந்து போகும்போது இன்ஜின் 1,700 சுற்றுக்கு இறங்கித் திணறும். ஒன்று, கிளட்சைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும்; இல்லையென்றால் அணைந்து அணைந்து மறுபடி மிதித்துக் கிளப்ப வேண்டும். வீடியோவில் ஆள் இல்லாத ரோட்டைத்தான் காட்டுகிறார்கள்.

இனி மாட்டும் வேலை. பழைய ஹீரோவோ அட்லஸோ வீட்டில் சும்மா நிற்கிறது, அதில் போட்டுவிடலாம் என்று வருகிறவர்கள்தான் அதிகம். சைக்கிளின் சட்டம் (ஃப்ரேம்) தடித்த இரும்பு, தாங்கும் என்று நினைக்கிறார்கள். சட்டம் தாங்கும்தான். பின்சக்கரத்தில் வந்து வேலை நிற்கும். கிட்டோடு வரும் பல் சக்கரம் நேராக ஸ்போக் கம்பிகளின் மேல் உட்காருகிற மாதிரி செய்தது. கம்பிகளுக்கு இரண்டு பக்கமும் கனமான ரப்பர் வட்டம், ரப்பருக்கு மேல் இரும்புத் தகடு, ஊடே 9 போல்ட். அந்த 9 போல்ட்டும் 36 கம்பி உள்ள சக்கரத்தில்தான் கம்பி இடைவெளிகளில் சமமாக விழும். நம்முடைய பழைய 28 இஞ்ச் சைக்கிள்கள் பெரும்பாலும் முன்னால் 32 கம்பி, பின்னால் 40. எங்கள் ஊர் சைக்கிள் கடை அண்ணனிடம் ஒரு பையன் கிட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் சக்கரத்தை மடியில் வைத்து, தகட்டை மேலே பிடித்து, விரலால் ஒரு சுற்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஏனுங்க தம்பி, கம்பி நாப்பது இருக்குதுங்க. போல்ட்டு ஒம்பதுங்க. நாலு போல்ட்டு நேரா எறங்கும், மிச்சமெல்லாம் கம்பி மேலயே வந்து உக்காந்துக்குமுங்க. நெருக்கி முறுக்குனா கம்பி வளையும். இன்னிக்கு ஓடும், நாளைக்கு நடுரோட்ல பட்பட்டுன்னு அறுந்துக்கும். நம்ம கையால இதைப் பூட்ட முடியாதுங்க.”

அவர் சொன்னது சரி. இதற்கு மாற்று, ஹப்பின் உடம்பையே இரண்டு பாதியாகக் கவ்விப் பிடிக்கிற அலுமினியத் துண்டு. அதில் பல் சக்கரத்தைப் பூட்டினால் கம்பிக்குப் பாரம் போகாது. பொள்ளாச்சியிலோ கோவையிலோ நல்ல லேத் பட்டறையில் ஹப்பைக் கையோடு கொண்டுபோய் அளவு கொடுத்தால் கடைந்து கொடுப்பார்கள். அதற்குத் தனிச் செலவு. கூடவே 36 கம்பி ரிம், கெட்டி ட்யூப், நல்ல டயர், டிஸ்க் பிரேக் உள்ள இரும்புச் சட்ட சைக்கிள் என்று சேர்த்துக்கொண்டே போனால் பன்னிரண்டாயிரத்தில் ஆரம்பித்தது முப்பதாயிரத்தில் வந்து நிற்கும். விலையை ஒப்பிடும்போது கிட்டின் விலையை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

செயின் தளர்வைச் சரிக்கட்ட ஒரு சின்ன உருளையும் கிட்டில் வரும். அதைப் பின்பக்கச் சட்டக் குழாயில் பட்டை போட்டு இறுக்குவார்கள். இந்த மொத்தச் சாமானிலும் எனக்கு மிகப் பயமான பொருள் அதுதான். அதிர்வில் பட்டை கொஞ்சம் தளர்ந்தாலும் உருளை உள்பக்கமாகத் திரும்பி ஸ்போக் கம்பிகளுக்குள் புகுந்துவிடும். ஓடுகிற சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். 30 கிலோமீட்டர் வேகத்தில் பின்சக்கரம் திடீரென நின்றால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. கட்டுகிறவர்கள் அந்தப் பட்டையைச் சட்டத்தோடு துளைபோட்டு ஒரு சின்ன போல்ட்டால் நிறுத்த வேண்டும், அல்லது பின்சக்கரத்தைப் பின்னுக்கு நகர்த்தியே செயின் தளர்வை எடுத்து உருளையே இல்லாமல் செய்ய வேண்டும். இரண்டாவது வழிதான் நல்லது.

பிரேக்கைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. நானாகத்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆள் 70 கிலோ, வண்டி 25, பை 15 என்று மொத்தம் 110 கிலோ வைத்துக்கொள்வோம். 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சைக்கிளை நிறுத்த பிரேக் செய்ய வேண்டிய வேலையைப் போல 7 மடங்கு வேலை 40 கிலோமீட்டர் வேகத்தில் செய்ய வேண்டும். வேகம் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல்தான் கூடுகிறது, வேலை அதன் வர்க்கமாகக் கூடுகிறது. பழைய சைக்கிளின் கம்பி பிரேக், ரிம்மின் உள்விளிம்பில் ரப்பர் கட்டை உரசி நிறுத்துவது. இடவப்பாதி மழையில் ரிம் நனைந்துவிட்டால் மிதிவேகத்துக்கே அது தாமதமாகத்தான் பிடிக்கும். மீனாட்சிபுரம் ரோட்டில் தமிழ்நாட்டிலிருந்து காய்கறி லாரிகள் வரிசையாக வரும். அங்கே 40 வேகத்தில் இந்தப் பிரேக்கோடு போக நான் யாருக்கும் உடன்பட மாட்டேன்.

பெட்ரோல் விஷயமும் மாறிவிட்டது. டூ-ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலில் 2டி ஆயில் கலக்க வேண்டும். புது இன்ஜினுக்கு 16-க்கு 1, பழகின பிறகு 25-க்கு 1. அதாவது லிட்டருக்கு 40 மில்லி. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நாள்பட நிறுத்தி வைத்தால் தண்ணீர் அடியில் தங்கும். மலிவான கிட்டில் வரும் பெட்ரோல் குழாயும் கார்புரேட்டர் வாஷரும் எத்தனாலுக்கென்று செய்தவை அல்ல, ஊறி உப்பிக் கசியும். குழாயை மட்டுமாவது ஆரம்பத்திலேயே நல்லதாக மாற்றிவிட வேண்டும். சைலன்சருக்குப் பக்கத்தில் பெட்ரோல் சொட்டுவது விளையாட்டில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பார்டரில் இருப்பதால் ‘தமிழ்நாட்டுப் பக்கம் கேட்க மாட்டாங்க, கேரளாவிலதான் பிடிப்பாங்க’ என்று ஒரு பேச்சு உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988 மத்தியச் சட்டம், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். நாலு சக்கரத்துக்குக் குறைவாகவும், இன்ஜின் 25 சிசிக்கு மேற்படாமலும் இருந்தால் மட்டுமே அது மோட்டார் வாகனம் என்ற வரையறைக்கு வெளியே நிற்கும். கடையில் கிடைக்கும் 49 சிசி கிட்டும் 66 சிசி கிட்டும் வரையறைக்குள் வந்துவிடும். அப்படியானால் ஆர்.சி. வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், லைசென்ஸ் வேண்டும். வீட்டில் கட்டிய வண்டிக்கு ஆர்.சி. வாங்கும் வழிதான் அடைபட்டிருக்கிறது. ஒரு மாடல் வண்டி ரோட்டுக்கு வரும் முன் அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தில் தேறிச் சான்றிதழ் பெற வேண்டும். தனி ஆள் கிட் மாட்டின சைக்கிளுக்கு அது நடக்கிற காரியமில்லை.

பதிவில்லாத வண்டி ஓட்டினால் 192-ஆம் பிரிவின்படி முதல் தடவை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். நான் கவலைப்படுவது அபராதத்தைப் பற்றி அல்ல. வழியில் ஒரு ஆள் மேல் மோதி அவருக்குக் கால் முறிந்தால், இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்பதால் நஷ்டஈடு முழுவதும் ஓட்டினவர், வண்டிக்காரர் தலையில் விழும். தீர்ப்பாயம் விதிக்கிற தொகை தோப்பை விற்க வைக்கும். தினக்கூலிக்குப் போகிறவர் இந்தப் பொறுப்பை ஏன் சுமக்க வேண்டும்?

25 சிசி வரம்பைப் பார்த்துவிட்டு, புல் வெட்டும் மெஷினின் இன்ஜினை எடுத்துப் போடலாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. தோப்புக்குத் தோப்பு அந்த மெஷின் இருப்பதால் வரும் யோசனை. அது ஒரு குதிரைத் திறன் அளவுக்கு, அதுவும் 7,000 சுற்றில் தருகிற இன்ஜின். கத்தியைச் சுழற்றச் செய்தது. டயர் மேல் உருளையை உரசி ஓட்டினால் மழையில் வழுக்கும், வெயிலில் டயரைத் தின்னும். கியர் பெட்டி வைத்தால் விலை ஏறும். மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் வராது என்பதைத் தவிர அதில் வேறு லாபம் எனக்குத் தெரியவில்லை. 49 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் கிட் இதைவிட ஒழுங்கானது, ஆயில் கலக்க வேண்டாம், சத்தம் குறைவு, கிளட்ச் தானாகப் பிடிக்கும். ஆனால் அகலம் கூடுதல், பெடல் இடிக்கும், விலையும் கூடுதல், ஆர்.சி. சிக்கல் அப்படியே இருக்கும். அதனால் அதை நீட்டவில்லை.

மின்மோட்டார்

மின்சார சைக்கிளுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளில் தெளிவான வரம்பு உண்டு. மோட்டார் 30 நிமிடம் தொடர்ந்து தரும் திறன் 250 வாட்டுக்குக் கீழ், வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழ், பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்கு மேற்படாமல், சரியான பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர். இதற்குள் இருந்தால் மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. ஆர்.சி.யும் லைசென்ஸும் வேண்டாம். ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் நிம்மதியாகக் கொடுக்கக்கூடிய ஒரே வண்டி இதுதான். ஒரு நிபந்தனையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இந்த வரம்புக்குள் இருப்பதைச் சோதனை நிலையம் பார்த்துச் சான்று கொடுத்திருக்க வேண்டும் என்றும் விதி கேட்கிறது. கம்பெனியில் இருந்து முழுதாக வரும் சைக்கிளுக்குக் கடைக்காரர் அந்தச் சான்றைக் காட்டுவார். தனியாக கிட் வாங்கி நாமே பூட்டினால் அந்தக் காகிதம் கையில் இருக்காது. கொஞ்சமும் சிக்கல் வேண்டாம் என்பவர்கள் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் கொடுத்து முழு வண்டியே வாங்கிவிடலாம். 500 வாட், 1000 வாட் என்று ஆசைகாட்டி விற்கும் கிட் சட்டத்தின் கண்ணில் 66 சிசி பெட்ரோல் கிட்டைப் போலத்தான், அதே அபராதம், அதே பொறுப்பு.

“250 வாட் எப்படிங்க நம்ம காத்துக்குப் பத்தும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த வழியில்தான் நாம் குடியிருக்கிறோம். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டிருப்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வருகிற காற்று பொள்ளாச்சிப் பக்கமிருந்து சித்தூர் நோக்கிப் போகிறவன் நெஞ்சில் அறையும்.

அதே 110 கிலோவுக்கு நான் போட்ட கணக்கு இது. காற்றில்லாத சமதளத்தில் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறக்குறைய 190 வாட் போதும். மிதிக்கவே வேண்டாம். எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் அடித்தால் அதே 25 வேகத்துக்கு 450 வாட் கேட்கும். அது இந்த மோட்டாரால் ஆகாது. வேகத்தை 15-க்கு இறக்கினால் 180 வாட்டில் முடிந்துவிடும். ஆக, ஆடியில் மெதுவாகப் போகும், நின்றுவிடாது. நாமும் கொஞ்சம் மிதித்தால் 18 வரை வரும். வெறும் சைக்கிளை அந்தக் காற்றில் மிதித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

தூரத்துக்கும் இதே கணக்குதான். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 360 வாட்-அவர் இருக்கும். முழுதாக வடிய விடாமல் ஓட்டினால் காற்றில்லாத நாளில் மிதிக்காமலே 30 கிலோமீட்டர், ஆடியில் 20-க்குள். கடைக்காரர் 50, 60 என்று சொல்வது கூடவே நன்றாக மிதித்தால் வரும் கணக்கு. ஒரு வழி 12 கிலோமீட்டர் என்று மேலே நான் கோடு போட்டது இதை வைத்துத்தான். ஆடியில் போன இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. மின்மோட்டாருக்கு ஒத்துவராதது மலை ரோடு. நெல்லியாம்பதி ஏற்றத்தில் ஹப் மோட்டார் மெதுவாகச் சுற்றிச் சூடேறிக்கொண்டே போகும். ஏற்றம் உள்ள பக்கம் இருப்பவர்கள் பெடல் அச்சில் பொருத்தி, சைக்கிளின் சொந்த கியரையே பயன்படுத்துகிற மிட்-டிரைவ் மோட்டாரைப் பார்க்க வேண்டும்.

பூட்டுவது பெட்ரோல் கிட்டைவிட எளிது, ஆனால் இதிலும் பழைய 28 இஞ்ச் சைக்கிள் ஒத்துழைக்காது. கிட்டில் மோட்டாரைப் புது ரிம்மில் கம்பி போட்டே தருவார்கள். அந்த ரிம்மும் நம் பழைய ரிம்மும் பெயரில் 28 என்றாலும், டயர் உட்காரும் விட்டம் ஒன்றில் 622 மில்லிமீட்டர், இன்னொன்றில் 635. பழைய டயர் ஏறாது, கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மைத் தொடாது. முன் ஃபோர்க்கின் அச்சுப் பள்ளமும் சிறியது, மோட்டார் அச்சுக்கு 10 மில்லிமீட்டர் வேண்டும், அரம் போட்டு அகட்ட வேண்டும். அதனால் 26 இஞ்ச் இரும்புச் சட்ட சைக்கிள், டிஸ்க் பிரேக்கோடு, பின்சக்கர மோட்டார் என்பதே என் சிபாரிசு.

ஒரு இரும்புத் துண்டை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அச்சு பின்னால் திரும்பப் பார்க்கும். அச்சின் இரண்டு பக்கமும் தட்டையாகச் செதுக்கியிருப்பது அதைத் தடுக்கத்தான். சட்டத்தின் பள்ளம் கொஞ்சம் அகன்றால் அச்சு சுழன்று, வெளியே வரும் வயரைத் திருகி அறுத்து, சக்கரத்தையே கழற்றிவிடும். தட்டையான அச்சைக் கவ்விக்கொண்டு நீண்டு சட்டக் குழாயில் பூட்டுகிற டார்க் ஆர்ம் என்ற பட்டை அதைப் பிடித்து நிறுத்தும். சில கிட்டில் வராது. வெல்டிங் பட்டறையில் கனத்த தகட்டில் வெட்டிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. முன்சக்கர மோட்டார் என்றால் இது உயிர்நாடி, அதுவும் இரும்பு ஃபோர்க்கில் மட்டும்.

பேட்டரியில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பழைய லேப்டாப் செல்களைப் பிரித்துக் கட்டி ‘புதுசு மாதிரி’ என்று பாதி விலைக்குத் தருகிறார்கள். செல்களைக் காவல் காக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் இல்லாத பேட்டரி, வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் போடத் தகுந்தது அல்ல. பாலக்காட்டு மேடமாத வெயில் 40 டிகிரியைத் தொடும். வெயிலில் ஓட்டிக் கொண்டுவந்ததும் சார்ஜில் போடாமல் ஆறவிட்டுப் போட வேண்டும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி கொஞ்சம் கனம், விலையும் கூட, ஆனால் சூட்டைத் தாங்கும், ஆயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம். இந்த ஊர் வெயிலுக்கு நான் அதைத்தான் எடுப்பேன்.

கரண்ட் செலவு கணக்கிலேயே வராது. முழு சார்ஜுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. கேரள டாரிஃபில் இரண்டு, மூன்று ரூபாய். தமிழ்நாட்டுப் பக்கம் வீடு இருந்து, இலவச யூனிட் வரம்புக்குள் செலவு நின்றால் அதுவும் இல்லை. உண்மையான செலவு பேட்டரி தேய்மானம். பன்னிரண்டாயிரம் ரூபாய் பேட்டரி 500 சார்ஜ் ஓடினால், சார்ஜுக்கு 25 கிலோமீட்டர் வீதம், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்குச் சற்றுக் கீழே. கரண்ட் பத்துப் பைசா. பெட்ரோல் கிட் லிட்டருக்கு 40 கொடுத்தால் ஆயிலோடு கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் தாண்டும், கேரள பங்கில் போட்டால் இன்னும் கொஞ்சம். எக்ஸெல் லிட்டருக்கு 60 கொடுக்கும், ஒன்றே முக்கால் ரூபாய் வைத்துக்கொள்ளலாம். சர்வீஸ் தனி. ‘கரண்ட்ல ஓடுனா ஓசி’ என்று சொல்கிறவர்கள் பேட்டரியை மறந்துவிடுகிறார்கள்.

எக்ஸெல்

சைக்கிளில் இன்ஜின் வைத்தால் என்னென்ன மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு இந்த நாட்டில் ஐம்பது வருடம் முன்பே பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். 1972-இல் லூனா வந்தது, 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. சக்கரத்தைச் சின்னதாக்கி டயரைத் தடிமனாக்கினார்கள், பிரேக்கை ரிம்மிலிருந்து எடுத்து ஹப்புக்குள் டிரம்மாக வைத்தார்கள், குதிப்பைத் தாங்க ஸ்பிரிங் போட்டார்கள், சட்டத்தைச் சுமைக்கென்று வளைத்தார்கள். இன்றைய எக்ஸெல் 100-இல் 99.7 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக், 16 இஞ்ச் சக்கரம், இரண்டு பக்கமும் 110 மில்லிமீட்டர் டிரம். கிட்டை மாட்டி ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போனால் கடைசியில் நாம் போய்ச் சேருகிற இடமும் ஏறக்குறைய இதுதான். அதனால் சுமை ஏற்றுகிறவர் நேராக இதற்கே போகலாம். 20 லிட்டர் கேனை இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவருக்கு வேறு எதையும் சொல்ல என் மனசு ஒப்பாது. சைக்கிள் கேரியரில் 40 கிலோ பால் தளும்புகிறபோது மோட்டார் என்ன, இன்ஜின் என்ன, பிரேக் பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது.

நல்ல நிலையில் உள்ள பழைய வண்டி இருபதாயிரத்திலிருந்து முப்பதாயிரத்துக்குள் கிடைக்கும். பார்டர்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொள்ளாச்சியில் டிஎன் 41 வண்டி சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்து கொழிஞ்சாம்பாறையில் வைத்து ஓட்டினால், 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்குப் புது நம்பர் எடுக்க வேண்டும் என்று 47-ஆம் பிரிவு சொல்கிறது. என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), கேரள வரி, அலைச்சல் எல்லாம் சேர்த்தால் சல்லிசு போய்விடும். கேரளப் பக்கம் குடியிருப்பவர் கேஎல் 70 வண்டியாகவே பார்த்து வாங்குவது மேல். லைசென்ஸ் வேண்டும், 50 சிசிக்கு மேல் என்பதால் 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

பழைய எக்ஸெல்லின் இன்ஜினை எடுத்துவிட்டு மின்மோட்டார் வைக்கலாமா, பெரிய இன்ஜின் மாற்றலாமா என்றும் கேட்கிறார்கள். கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 52-ஆம் பிரிவை வைத்துத் தீர்ப்புச் சொன்னது. அங்கீகாரம் பெற்ற மின் கிட்டை, அங்கீகாரம் பெற்ற இடத்தில் பூட்டி, ஆர்.சி.யில் பதிவு செய்தால் மட்டுமே அது செல்லும். பட்டறையில் நாமாகச் செய்கிற வேலையாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

எது யாருக்கு?

வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு டியூஷனும் பள்ளிக்கூடமும் போகிற பிள்ளைக்கு 250 வாட் சைக்கிள், யோசிக்கவே வேண்டாம். தையல் கடைக்கு, ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிற பெண்களுக்கும் அதுவே. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம். தோப்புக்குத் தோப்பு மரம் ஏறப் போகிறவர் யோசிக்க வேண்டும். ஏணியும் கயிறும் அரிவாளும் சேர்ந்தால் எடை ஏறும், மண் பாதையில் மோட்டார் பேட்டரியைத் தின்னும். ஒரு நாளைக்கு மொத்தம் 20 கிலோமீட்டருக்குள் என்றால் மின்மோட்டார், மேலே என்றால் எக்ஸெல். பால், தீவன மூட்டை, மீன் கூடை எல்லாம் எக்ஸெல்.

ஐடிஐ படிக்கிற, கையில் ஸ்பேனர் எடுத்தால் சோறு தண்ணீர் மறக்கிற பையன்கள் பெட்ரோல் கிட் வாங்குவதை நான் தடுக்க மாட்டேன். போர்ட்டின் நேரம், கார்புரேட்டர் ஊசியின் உயரம், பிளக்கின் நிறம் பார்த்துக் கலவை அறிவது, கிளட்ச் கட்டை தேய்வது எல்லாம் கையால் தொட்டுக் கற்றுக்கொள்ள இதைவிட மலிவான புத்தகம் கிடையாது. தோப்புக்குள் வேலி தாண்டாமல் ஓட்டட்டும், ஹெல்மெட்டோடு ஓட்டட்டும். கட்டுவதற்கு முன் நான் அவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: பல் சக்கரத்தைக் கம்பியில் பூட்டாமல் ஹப்பில் பூட்டு. செயின் உருளையைத் தவிர். செயினுக்கு மூடி போடு, வேட்டியும் பேன்ட் நுனியும் அதற்கு ஒன்றுதான். இன்ஜின் தாங்கும் போல்ட்டுகளில் லாக்டைட் (கழலாமல் பிடிக்கும் பசை) போட்டு, முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி முறுக்கு. கிளட்ச் ஒயர் அறுந்தாலும் ஆக்சிலேட்டர் சிக்கினாலும் இன்ஜினை உடனே அணைக்க, கட்டை விரலுக்கு எட்டுகிற இடத்தில் ஹேண்டில்பாரில் ஒரு கில் சுவிட்ச் வை. அதை மாட்டிய பிறகு மட்டும் பெட்ரோல் ஊற்று.